யானையின் பேச்சு நம் காதுக்கு எட்டாமல் போனது

விலங்குகள் எந்த ஊரில் வாழ்ந்தாலும் அந்த ஊர்க்காரர்களின் பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், முசிறித் துறைமுகத்தில் அந்துவன் என்ற பாகன் இருந்தான். அவனுடைய பெண் யானைக்கு அல்லி என்று பெயர். அவன் தவழ்ந்த காலத்தில் அவனைத் தும்பிக்கையில் ஏந்தி வைத்திருந்தவள் அவள். அதனால் அவன் அவளை அக்கா என்பான், அவள் அவனைத் தம்பி என்பாள்.

மிளகு ஏற்ற வந்த யவனர்கள் அல்லியைப் பார்த்துவிட்டு அரசனிடம் கேட்டார்கள். அரசன் கொடுத்துவிட்டான். அவளைத் தனியே அனுப்ப மனம் வராமல் அந்துவனும் கப்பலேறினான்.

ரோமாபுரியில் வட்டமான ஓர் ஆட்டக்களம் இருந்தது. நடுவே மணல், சுற்றிலும் இரும்பு வேலி, அதற்கு மேல் படிப்படியாக இருக்கைகள். திருவிழா என்றால் ஊரே அங்கே கூடிவிடும். அல்லி அந்த மணலில் மண்டியிட்டு வணங்குவாள், பூ வீசுவாள், சீக்கிரமே கற்றுக்கொண்ட அவர்கள் மொழியில் நலம் விசாரிப்பாள். பெண்கள் கைக்குழந்தைகளை அவளிடம் நீட்டுவார்கள். தங்கள் பெண்ணுக்கு அல்லி என்று பெயர் வைத்தவர்கள்கூட உண்டு.

ஒரு நாள் காலை, விலங்குக் கொட்டடியின் தலைவன் ரூபினுஸ் வந்து, "இன்றைக்கு அது ஈட்டிக்காரர்களோடு இறங்க வேண்டும்" என்றான்.

"அவள் ஆடுகிறவள் ஐயா. சண்டை அறியாதவள்."

"ஜனங்களுக்கு ஆட்டம் பார்த்துச் சலித்துவிட்டதாம். நான் என்ன செய்யட்டும்?"

களத்து வாசலில் நின்றபோது அல்லி சொன்னாள்: "தம்பி, எதிரே இருக்கிற வேலி ஆட்டம் கண்டிருக்கிறது. ஒரு மோது மோதினால் விழுந்துவிடும். நாம் போய்விடலாம்."

அந்துவன் பார்த்தான். அந்த வேலிக்குப் பின்னால் குழந்தைகளோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"வேண்டாம் அக்கா. பிள்ளைகள் நசுங்கிப் போவார்கள். இந்த ஜனங்களுக்கு உன்னைத் தெரியும். வாய்விட்டுக் கேள், விட்டுவிடுவார்கள்."

"விடுவார்களா?"

"விடுவார்கள்" என்றான். அதை அவன் உண்மையாகவே நம்பினான்.

அல்லி களத்தின் நடுவில் போய் மண்டியிட்டாள். "உங்கள் பிள்ளைகளை நான் தூக்கியிருக்கிறேன்" என்றாள். "உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. என்னை விட்டுவிடுங்கள்."

களம் அடங்கிப் போனது. பல பெண்கள் அழுதார்கள். அந்துவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. அப்போது மேல் வரிசையில் யாரோ ஒருவர் கைதட்டினார். "எவ்வளவு உருக்கமாகச் சொல்கிறது பார்" என்றது ஒரு குரல். கைதட்டல் வரிசை வரிசையாகப் பரவியது. அழுதவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார்கள். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

அவள் சொன்னாள். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அல்லி எழுந்து எதிர் வேலியைப் பார்த்தாள். பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துச் சிரித்தன. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. ஈட்டிக்காரர்கள் நெருங்கி வந்தபோது வாசல் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அவர்களுக்குப் புரியாமல் இல்லை. புரிந்துதான் தட்டுகிறார்கள்."

அவள் பேசியது அதுதான் கடைசி. வெகுநேரம் கழித்துத்தான் உயிர் போனது. அதுவரை அந்துவன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

களத்தின் மேலே பறந்த நாரைகள் இதையெல்லாம் பார்த்தன. அவை தெற்கே வந்து யானைக் காடுகளில் சொல்லிவிட்டன. அந்துவன் கப்பல் பிடித்து முசிறிக்குத் திரும்புவதற்குள் எல்லா யானைகளுக்கும் தெரிந்திருந்தது.

அல்லி முசிறியிலேயே விட்டுப்போன மகள் ஒருத்தி இருந்தாள். அவன் நேராக அவளிடம் போனான். "கேட்கச் சொன்னது நான்தான். என்னைத் திட்டு" என்றான். அவள் வாய் திறக்கவில்லை. அவளுடைய தும்பிக்கையில் முகத்தைப் புதைத்து அழுதான். உள்ளே ஏதோ விம்மி அதிர்வது கன்னத்தில் தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. அங்கே நின்ற மற்ற யானைகள் எல்லாம் ஒன்றாகத் தலை தூக்கி அவனைப் பார்த்துவிட்டு, ஒன்றாக முகத்தைத் திருப்பிக்கொண்டன. மகள் அவனைப் பற்றித்தான் அவற்றிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. என்ன சொன்னாள் என்பது சாகும்வரை அவனுக்குத் தெரியவில்லை.

யானைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது மனிதக் காதில் விழாமல் போனது அன்று முதல்தான். பக்கத்தில் நிற்கிற பாகனுக்கு நெஞ்சுக்குள் லேசாக அதிரும், அவ்வளவுதான்.