கூடத்தில் தொங்கிய ராட்டினம்

"எனக்கு எப்பம்மா தீட்சை தருவீங்க?"

கோமளவல்லி இதைக் கேட்பது முதல் தடவை அல்ல. குன்றடி மடத்தின் சீடர்களில் அவள்தான் வயதில் மூத்தவள். குரு வேலம்மைக்கு அவளுடைய கடைசித் தங்கையின் வயதுதான் இருக்கும்.

வேலம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்ன அவசரம்?"

"ஆசையெல்லாம் விட்டாச்சும்மா. வீட்டுக்குன்னு புதுசா ஒரு துரும்பு வாங்கறதில்லை. பழைய சாமான் கடையில பொறுக்கினது, வீட்டுல சும்மா கிடந்தது, அதையே மாத்தி மாத்தி அழகா வெச்சிருக்கேன். எதுக்கும் யார் வாசல்லயும் போய் நின்னதில்லை."

"அப்படியா? நாளைக்கு வந்து பார்க்கறேன்."

கோமளத்துக்குத் தலைகால் புரியவில்லை. குரு இதுவரை எவர் வீட்டுப் படியும் ஏறியதில்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டும். வீடு அழகாகத்தான் இருந்தது.

வேலம்மை கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இது?"

"கிணத்து ராட்டினம்மா. மோட்டார் போட்ட பிறகு சும்மாதானே கிடந்தது? பூந்தொட்டி தொங்க விட்டுட்டேன்."

"அது?"

"வாளி. அடியில ஓட்டை போட்டு உள்ளே பல்பு மாட்டியிருக்கேன். இப்பக் கரண்ட் இல்லை. சாயங்காலம் பார்த்தா அசந்து போயிடுவீங்க."

"தாம்புக்கயிறு இருந்திருக்குமே?"

"அதோ, அந்த ஸ்டூல்! பழைய டயர்ல பசை தடவிச் சுத்தினது. கோடாலி போட்டாலும் பிரியாது."

மூங்கில் ஏணியை இரண்டாக அறுத்துச் சுவருக்கு ஒன்றாகச் சாய்த்துப் புத்தகம் அடுக்கியிருந்தாள். ஜன்னல் விளிம்பில் செம்பும் குடமும் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் செடி. தண்ணீர் வடிய எல்லாவற்றின் அடியிலும் ஓட்டை.

கணவர் தெய்வநாயகம் கதவோரம் நின்று சிரித்தார்.

"இந்த வீட்டுல எதுவும் அதோட வேலையைப் பார்க்கறதில்லைம்மா. நான் ஒருத்தன்தான் பாக்கி. என்னையும் ஒருநாள் மூலையில நிறுத்திச் செடி வெச்சுடுவா."

கோமளம் அவரை முறைத்தாள்.

"இவருக்கு ரசனையே கிடையாதும்மா. பக்கத்துல மரியசூசை வீட்டைப் பாருங்க. பிளாஸ்டிக் குடம், பிளாஸ்டிக் நாற்காலி. அந்தப் பக்கம் திரும்பினாலே கண்ணு கூசுது."

வேலம்மை தரையில் கிடந்த பெரிய வட்ட விரிப்பில் உட்கார்ந்தாள். கோமளத்துக்குச் சுருக்கென்றது. அதில் அவள் யாரையும் கால் வைக்க விடுவதில்லை.

"இது?"

"என் சேலைங்கம்மா. கிழிச்சு, சடை மாதிரி பின்னி, வட்டமாச் சுத்தித் தைச்சேன். நடுவுல அரக்கு தெரியுது பாருங்க, அது என் கல்யாணக் கூறை. இந்த வீட்டுல எனக்கு உயிர்னா இது ஒண்ணுதான்."

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி."

கோமளம் அடுக்களைக்கு ஓடிக் குழாயைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று வந்தது. மோட்டார் ஓடாததால் தொட்டி காலி.

"கிணத்துல எடுத்தாரேன்," என்றார் தெய்வநாயகம். பால் தூக்கை எடுத்துக்கொண்டு, துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, கொல்லைப்பக்கம் போனார்.

"கயிறு எட்டலை, கோமளம்," என்று குரல் வந்தது.

"கொஞ்சம் குனிஞ்சுதான் விடுங்களேன்!"

தொபீர் என்று ஒரு சத்தம்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"ஏங்க!"

கோமளம் விழுந்தடித்து ஓடி எட்டிப் பார்த்தாள். ஆழத்தில் கறுப்புத் தண்ணீர். அதில் ஒரு தலை முங்கியது, எழுந்தது. பாசி பிடித்த கல்லை இரண்டு கை தடவித் தடவி வழுக்கின.

அவருக்கு நீச்சல் தெரியாது.

கோமளம் உள்ளே பாய்ந்து டயர் ஸ்டூலைக் கவிழ்த்துக் கயிற்றின் நுனியைத் தேடினாள். நகத்தால் பிறாண்டினாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்ததே தவிரக் கயிறு வரவில்லை. கோடாலி போட்டாலும் பிரியாதென்று சொன்னவள் அவள்தானே?

சுவரோரம் தடதடவென்று புத்தகங்கள் சரிந்தன. வேலம்மை அரை ஏணியை உருவிக்கொண்டு கொல்லைக்கு ஓடிக் கிணற்றுக்குள் போட்டாள்.

"பிடிச்சுக்குங்கய்யா! மூங்கில் மிதக்கும்! விட்டுடாதீங்க!"

ஓடிய வேகத்தில் திரும்பி வந்தாள். விரிப்பின் ஓரத்தைத் தூக்கித் தையலைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

"ஐயோ, அம்மா! அது என்…"

கோமளத்தின் வாய்தான் அதைச் சொன்னது. புருஷன் கிணற்றுக்குள் தத்தளிக்கிறார், இவள் விரிப்புக்குப் பதறுகிறாள். தன் குரலைத் தானே கேட்டு அவள் ஆடிப்போனாள். அதற்கு முன் அவள் தன்னைக் கண்டு அப்படிப் பயந்ததில்லை.

வேலம்மை அடுத்த தையலைக் கடித்தாள்.

கோமளமும் மண்டியிட்டாள். அவளும் கடித்தாள்.

வட்டம் சுற்றுச் சுற்றாகப் பிரிந்தது. தினம் கட்டியது, திருவிழாவுக்குக் கட்டியது, எல்லாச் சேலையும் ஒரே வடமாக நீண்டு கொல்லைக்குப் போயிற்று. கூச்சல் கேட்டு மரியசூசை வேலி தாண்டி வந்திருந்தான். நுனியைக் கிணற்றுக்குள் விட்டார்கள்.

"இடுப்புல சுத்தி முடிச்சுப் போடுங்கண்ணே! இறுக்கி!"

மூன்று பேரும் இழுத்தார்கள். அரக்குக் கூறை கோமளத்தின் உள்ளங்கையில் சுற்றியிருந்தது. அது அறுந்துவிடக் கூடாதே என்று அவள் வாய்விட்டு அழுதுகொண்டே இழுத்தாள்.

தெய்வநாயகம் மேலே வந்து விழுந்தார். இருமினார். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிறகு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். உயிர் இருந்தது.

கோமளம் அவருடைய ஈரத் தலையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வேலம்மை கிணற்றுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

"கோமளம்மா."

"அம்மா."

"நான் தண்ணி கேட்டேனே?"

கோமளம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தாள். குருவின் உதடு உண்மையாகவே வறண்டிருந்தது.

ஜன்னல் விளிம்பில் வரிசையாக நின்ற செம்புகளைப் பார்த்தாள். கூரையிலிருந்து தொங்கும் வாளியைப் பார்த்தாள்.

கணவரின் தலையை மெல்ல மரியசூசையின் மடிக்கு மாற்றினாள். எழுந்தாள். அவிழ்ந்த கொண்டையும் ரத்தக் கையுமாக வேலியைச் சுற்றி நடந்தாள்.

மரியசூசையின் மனைவி வாசலுக்கு வந்தாள். அவளைக் கண்டு பதறிப்போனாள்.

"என்னக்கா? அண்ணனுக்கு என்ன?"

கோமளம் இரண்டு கையையும் நீட்டினாள்.

"கொஞ்சம் தண்ணி வேணும், தங்கச்சி. உன் குடத்தோட குடு."