ஒற்றைக் கைக்கு அவிழும் கட்டு

பாளையங்கோட்டையில் பொற்கொடி என்றொரு தையல் டீச்சர் இருந்தாள். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. பழைய சேலைகளைச் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, பரிசுப் பொருட்களை அதில் பொதிந்து கட்டுவதற்குத் தன் வீட்டு முன்னறையில் கற்றுக்கொடுத்தாள். காகிதம் கிடையாது, பசை கிடையாது, டேப் கிடையாது. பரிசு வாங்கினவர்கள் துணியைப் பிரித்து, துவைத்து, இன்னொருவருக்குக் கட்டிக் கொடுக்கலாம். மிஞ்சின துண்டுகளில் நட்சத்திரமும் தோரணமும் தைத்தார்கள்.

படிக்க வந்தவர்கள் எல்லாரும் பெண்கள், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் பால்துரை. லாரி புக்கிங் ஆபீசில் காலமெல்லாம் பார்சல் கட்டி ஓய்வு பெற்றவர். டீச்சரைவிட இரண்டு மடங்கு வயது. வாசல் பக்கமாகச் சுவரை ஒட்டி உட்காருவார். கேட்டாலொழியப் பேசமாட்டார். ஆனால் அளவு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார். துணி மூலைக்கு மூலை பெட்டியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு இருக்கவேண்டும் என்று டீச்சர் சொன்னால், அவர் துணியில் ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது.

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹசீனா ஒருநாள் கேட்டாள்.

“யாருக்கு அண்ணாச்சி இந்தப் பாடு படுதீங்க?”

“மகளுக்கு.”

“எங்க கட்டிக் கொடுத்திருக்கு?”

“நான் கட்டிக் கொடுக்கல. அவளாக் கட்டிக்கிட்டா. தூத்துக்குடி.”

ஹசீனா தன் துணியின் ஓரத்தை மடிக்கத் தொடங்கினாள்.

தூத்துக்குடி ஒரு மணி நேரப் பஸ் தூரம். மகள் கிரேஸ்லின் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. அவளுக்குப் பிள்ளை பிறந்தது என்று காதில் விழுந்தபோது, சின்னச் சட்டையும் வெள்ளிக் கொலுசும் வாங்கி, மரப்பெட்டியில் வைத்து, கோணி சுற்றித் தைத்து லாரியில் அனுப்பினார். பெட்டி போனபடியே திரும்பி வந்தது. ஒரு தையல்கூடப் பிரிந்திருக்கவில்லை. அவர் வேலையின் நேர்த்தி அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இது அந்தப் பிள்ளைக்கு முதல் கிறிஸ்துமஸ்.

“டீச்சர்,” என்றார் அன்றைக்கு. “பார்த்ததும் பிரிக்கணும்னு தோணணும். அதுக்கு எப்படிக் கட்டணும்?”

“முதல்ல கட்டுங்க. பார்ப்போம்.”

அவர் கட்டினார். மயில்கழுத்து நிறச் சேலையில் சிவப்புக் கரை நேராக நடுவில் ஓடியது. நாலு மூலையும் ஒன்றுபோல் மடங்கி நின்றன. முடிச்சுப் போட்டதும், கை தன்னால் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்தது. மேலே சிவப்பு நட்சத்திரம் ஒன்றைத் தொங்கவிட்டார்.

பெண்கள் சுற்றி வந்து பார்த்தார்கள்.

“நட்சத்திரத்துல பிள்ளை பேரைத் தைங்க அண்ணாச்சி, எடுப்பா இருக்கும்” என்றாள் ஒருத்தி.

பால்துரை ஊசிக்கு நூல் கோக்கத் தொடங்கினார். ஏற்கெனவே கோத்திருந்த ஊசி அது. பிள்ளை பேர் அவர் காதில் விழுந்ததில்லை. டீச்சர் அதைப் பார்த்தாள்.

எழுந்து உள்ளே போனாள். தூளியில் கிடந்த தன் மகன் முகிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பல் முளைக்கிற வயசுப் பிள்ளை. கேட்காமல் கொள்ளாமல் அவனைப் பால்துரை மடியில் வைத்தாள்.

“இப்பப் பிரிங்க.”

பால்துரை ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டார். மறு கையால் முடிச்சைப் பிடித்தார். அது அசையவில்லை. பிள்ளை அவர் கண்ணாடியைப் பிடுங்கியது. கண்ணாடியைக் காப்பாற்றப்போனால் பொதி உருண்டது. பொதியைப் பிடிக்கப்போனால் பிள்ளை நழுவியது. குனிந்து பல்லால் கடித்து இழுத்தார்.

“அண்ணாச்சி கட்டுனா எமனே வந்தாலும் கத்தரிக்கோல் கேட்பான்” என்றாள் ஹசீனா. அறை சிரித்தது.

பால்துரைக்கு வேர்த்துவிட்டது.

“ரெண்டு கையும் இருந்தா நொடியில பிரிச்சிருவேன் டீச்சர்.”

“உங்க மகளுக்கு எத்தனை கை இருக்கும்?”

அவர் பிள்ளையைத் தோளுக்கு மாற்றினார். அது அவர் கழுத்தில் எச்சில் வடித்தபடி சாய்ந்துகொண்டது.

“இந்த வயசுப் பிள்ளை இவ்வளவு கனம் இருக்குமா?”

“இருக்கும்.”

அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி இருந்தார். டீச்சரும் பிள்ளையைத் திருப்பிக் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து, தொங்கும் துணி வால் ஒன்றை இழுத்தால் அவிழ்கிற முடிச்சைப் போடக் கற்றுக்கொடுத்தாள். சின்னப் பிள்ளைக்கும் வருகிற முடிச்சு. பால்துரைக்கு வரவில்லை. மடிப்பு வந்தது, வளையம் வந்தது, அளவு வந்தது. முடிக்கும்போது கை பழைய வழக்கத்தில் அந்தக் கடைசி இழுப்பை இழுத்துவிடும். முடிச்சு கல்லாகிவிடும்.

“நான் இழுக்கல டீச்சர். கை இழுக்குது.”

“நாற்பது வருசமா நீங்க சொல்லிக் கொடுத்தது. அது என்ன செய்யும்?”

அவர் முடிக்கப்போகிற ஒவ்வொரு தடவையும், டீச்சர் தன் விரலை முடிச்சின்மேல் வைத்தாள். விரல் நசுங்கும் என்று அவர் கை நின்றது. சில நாளில் விரல் இல்லாமலும் நின்றது.

கடைசி வகுப்பன்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே அதே கொலுசு. சட்டை மட்டும் புதிது, பிள்ளை வளர்ந்திருக்குமே என்று பெரிய அளவாக எடுத்தது. டீச்சர் முகிலை அதன் எதிரே உட்கார வைத்தாள். பிள்ளை பார்த்தது. தொங்குகிற வாலைப் பிடித்து இழுத்தது. மயில்கழுத்துத் துணி பூப்போல நாலு பக்கமும் விழுந்து விரிந்தது.

பிள்ளை பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு சிரித்தது. பெண்கள் கைதட்டினார்கள். ஹசீனா கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பால்துரை பெட்டியை மறுபடி கட்டினார். எடுத்துக் காதருகே வைத்து லேசாகக் குலுக்கினார். முடிச்சைப் பார்த்தார். மறுபடி குலுக்கினார். எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தார்.

“டீச்சர், ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“லாரியில மேல மூட்டை ஏத்துவான். இறக்கும்போது தூக்கிப் போடுவான். அதுல இருந்தவன் நான், எனக்குத் தெரியும். தூத்துக்குடி போய்ச் சேர்றதுக்குள்ள இது அவிழ்ந்து, கொலுசு ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம் கிடக்கும்.”

டீச்சர் தரையில் கிடந்த நூல் துணுக்குகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டட்டுமா?” என்றார்.

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். வந்து பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து, உட்கார்ந்திருந்த அவர் மடியில் வைத்தாள்.

“இது லாரிக்குக் கட்டுன கட்டு இல்ல அண்ணாச்சி. பஸ்ல மடியில வச்சுக்கிட்டுப் போறதுக்குக் கட்டுனது.”

பால்துரை பெட்டியை மடியில் சரியாக வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.