மஞ்சள் கோடு போட்ட குச்சி

"அக்கா, ஆறு இன்னிக்கு எப்படி இருக்கு?"

தணிகைவேல் தினமும் காலையில் கேட்கிற கேள்வி. ட்ரவுட் மீன் பிடிக்கிறவர் யாரும் தண்ணீரைப் பார்க்காமல் இறங்கமாட்டார். ஏறுதா, கலங்குதா, இழுக்குதா என்று பார்த்தாக வேண்டும். இவருக்கோ பார்வை போய்க்கொண்டிருந்தது.

அவருக்கு அறுபது வயது. பூச்சிபோல் இறகு கட்டிய தூண்டிலை வீச அவருக்குக் கற்றுத்தரும் ரெஜினாவுக்கு முப்பத்தைந்து. அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். ஊட்டி மலைமேல் இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள்.

தண்ணீர் மட்டம் பார்க்க அவரே கரையோரம் ஒரு குச்சி நட்டிருந்தார். முதலில் வெள்ளைக் கோடு. அது தெரியாமல் போனதும் சிவப்பு. பிறகு கண்ணைப் பறிக்கிற மஞ்சள். பாவம், மனுஷன் பெயின்ட் கடையையே காலி பண்ணிவிட்டார்.

அன்று நல்ல பனிமூட்டம்.

"மஞ்சளும் தெரியல அக்கா. குச்சியே தெரியல. இதோட நான் ஆத்துக்கு வர்றது முடிஞ்சுதா?"

ரெஜினா குச்சியைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தாள்.

"என்ன சத்தம்?"

"உங்க குச்சி போகுது."

அவருக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே.

"பூட்ஸைக் கழட்டுங்க," என்றாள்.

இடுப்புவரை ஏறுகிற ரப்பர் பூட்ஸ். அது இல்லாமல் அவர் ஒருநாளும் ஆற்றில் இறங்கியதில்லை.

"விறைச்சுப் போயிடுவேன்."

"கழட்டுங்கண்ணா."

வெறுங்காலோடு இறங்கினார். பக்கத்தில் அவள், பூட்ஸோடு.

கரை எது, வானம் எது என்று அவளுக்கே தெரியவில்லை. தண்ணீர் அவர் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டு போனது. எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. தூங்குகிறோமா, விழித்திருக்கிறோமா என்றே அவருக்குப் புரியவில்லை. சுகமாக இருந்தது.

அவள் தூண்டிலை வீசினாள்.

"அக்கா."

"ம்?"

"காலுக்கடியில கூழாங்கல் நகருது. இப்பவரைக்கும் சும்மாதான் கிடந்துச்சு."

அவள் குனிந்து பார்த்தாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு அண்ணா."

"மேல எங்கயோ மழை. வா வெளிய."

அவரிடமிருந்து 'வா' என்று அவள் கேட்டதே இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையேறிவிட்டார்.

ஈரம் துடைப்பதற்குள் ஆறு செம்மண்ணாகப் புரண்டு வந்தது. அவர்கள் நின்ற இடத்தில் ஒரு மரம் உருண்டு போனது.

மறுநாள் காலை தணிகைவேல் தடவித் தடவிக் கரைக்கு வந்தார். ரெஜினா தூண்டிலோடு காத்திருந்தாள். பூட்ஸ் இன்னும் போடவில்லை.

அவர் வாயைத் திறக்குமுன் அவள் கேட்டாள்.

"அண்ணா, ஆறு இன்னிக்கு எப்படி இருக்கு?"