ராசா நெஞ்சுல தீ வச்சது யாரு?

ஒரு ஊருல ஒரு ராசா இருந்தாரு, அவருக்கு ரெண்டடி முன்னாடி அவரு வயிறு வரும். பொழுது சாஞ்சா போதும், ராசாவுக்கு நெஞ்செரிச்சல். புளிச்ச ஏப்பம் தொண்டை வரைக்கும் வந்து வந்து போகும். "சமையக்காரிதான் சோத்துல தீயை வைக்கிறா! மூணு நாளு பாப்பேன், எரிச்சல் நிக்கலைன்னா அவ நாட்டை விட்டே போகணும்"னுட்டாரு.

சமையக்காரி பேரு பவுனாத்தா. பாவம், இடுப்புல கைக்குழந்தை வேற, எங்க போவா? வைத்தியர்கிட்ட ஓடுனா. அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு.

"மருந்தை வெறும் வயித்துல தின்னுட்டு அரை நாழி கழிச்சுச் சாப்பிடணும், காரம் கொறைக்கணும், சாப்பிட்ட உடனே படுக்கக் கூடாது, கட்டில் தலமாட்டுல செங்கல் வச்சு ஒசத்தணும்னு ராசாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

மொத நாளு மிளகாய் இல்லாம ஆக்குனா, எரிஞ்சுது. ரெண்டாம் நாளு புளி இல்லாம ஆக்குனா, எரிஞ்சுது. மூணாம் நாளு மருந்தை அவளே கையில குடுத்து, அரை நாழி கழிச்சு வெறும் கஞ்சி ஊத்துனா. அப்பவும் எரிஞ்சுது! கஞ்சி எங்கயாவது எரிக்குமா, நீங்களே சொல்லுங்க.

சரின்னு துணிமூட்டையைக் கட்டிக்கிட்டு உத்தரவு வாங்கப் போனா. போனா, ராசா கட்டில்ல மல்லாந்து கெடக்காரு, மார் மேல வாழையிலை, இலை மேல புளியோதரை, மிளகு வடை, சக்கரைப் பொங்கல்!

"என்ன ராசா இது? கஞ்சிதான் குடிச்சேன்னீங்க?"

"கஞ்சிதான் பவுனு குடிச்சேன். இது சாப்பாடு இல்ல, பிரசாதம். மூணு கோயில்லருந்து தெனமும் வருது, வேண்டாம்னா சாமிக்குத்தம்."

"வடை எத்தனை ஆச்சு?"

"ஏழு."

"ஒண்ணு போதும்னு சாமி சொல்லலையா?"

"சாமி ஒண்ணும் சொல்லல. அதான் ஏழு."

பவுனாத்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. "கைக்குத்தான் ராசா அது பிரசாதம், வயித்துக்குள்ள போனா வடைதான். இப்பச் சொல்லுங்க, தீ வச்சது யாரு?"

ராசா பெருசா ஒரு ஏப்பம் விட்டாரு. "நான்தான்"னாரு. "அதுக்கு, நான் எப்படிம்மா நாட்டை விட்டுப் போறது?"

"போக வேண்டாம். பிரசாதத்துல ஒரு வாய் கண்ணுல ஒத்திக்கிட்டுத் தின்னுங்க. மிச்சத்தை நீங்களே சுமந்து, நாலு வீதியும் நடந்து, புள்ளைங்களுக்குக் குடுங்க. அதான் தண்டனை."

அன்னைக்கே ராசா வடைக்கூடையோட வேர்க்க வேர்க்க நடந்தாரு. "இன்னொண்ணு ராசா, இன்னொண்ணு"ன்னு புள்ளைங்க பின்னாடியே ஓடுச்சுங்க. ஒவ்வொரு வடையும் ராசா கையை விட்டுப் போறதுக்குள்ள அவரு மொகத்தைப் பாக்கணுமே! மருந்தும் நேரத்துக்குப் போச்சு, கட்டிலும் ஒசந்துச்சு, ஒரு மாசத்துல எரிச்சலும் அடங்குச்சு. பவுனாத்தா மூட்டையை அவுத்துட்டா.

ராசாவுக்குச் சோறும் செரிச்சுது, நமக்குக் கதையும் செரிச்சுது. ஏய், எங்க படுக்குறீங்க? இப்பத்தான சாப்பிட்டீங்க! எந்திரிங்க, வாசல் வரைக்கும் ரெண்டு நடை நடந்துட்டு வாங்க.