முப்பது என்றால் எந்த முப்பது?

கருவேலங்குளத்தில் இருபது சிறகிகள் வாழ்ந்தன. சிறகி என்றால் காட்டு வாத்து. அவற்றின் தலைவன் பெயர் வானளந்தான். இவ்வளவு பெரிய பெயரை அவனுக்கு யார் வைத்தார்கள் என்று கேட்கிறீர்களா? அவனேதான்!

பறப்பதில் கெட்டிக்காரன், அதை மறுப்பதற்கில்லை. திசை திரும்புவதற்குச் சிறகிகளிடம் ஒரு கணக்கு இருந்தது. நின்ற இடத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றினால் முந்நூற்று அறுபது பாகை. வாலை ஒருமுறை அசைத்தால் உடம்பு பத்துப் பாகை திரும்பும். முப்பத்தாறு முறை அசைத்தால் மூக்கு பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

உலகத்தில் இந்த ஒரு கணக்குதான் உண்டு என்று வானளந்தான் நம்பினான். வேறு கணக்கும் இருக்கலாம் என்ற நினைப்பு அவன் தலைக்குள் நுழைந்ததே இல்லை. நுழைய அங்கே இடமும் இல்லை. உள்ளே முழுக்க அவனே உட்கார்ந்திருந்தான்.

அந்த ஆண்டு கோடை முன்னதாகவே வந்தது. குளம் நாளுக்கு நாள் சுருங்கியது. போதாக்குறைக்கு அது சிறகிகள் இறகு உதிர்க்கும் காலம். பெரிய இறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் உதிர்ந்துவிடும். புதிதாக முளைக்க ஒரு மாதம் ஆகும். அதுவரை பெயருக்குத்தான் பறவை, நடந்துதான் போகவேண்டும்.

வானளந்தானின் மனைவி சேற்றழகிக்குத் தூக்கம் போய்விட்டது. அவளுக்கு ஏழு குஞ்சுகள்.

“என்னங்க, இன்னும் மூணு நாளைக்குத்தான் தண்ணி வரும். குஞ்சுங்க முகத்தைப் பாருங்க! நடந்தாவது வேற இடம் போயிரணும்.”

“போயிரலாம். அல்லி ஏரின்னு ஒண்ணு இருக்காம். வழி தெரிஞ்சா!”

குளக்கரை ஈரமண்ணில் வளையம்மா என்ற மரவட்டை குடியிருந்தாள். அல்லி ஏரியிலிருந்து ஒரு மழைக்காலம் முழுவதும் ஊர்ந்து இங்கே வந்தவள் அவள். அந்தப் பக்கத்துத் தரையை அவளைப்போல அறிந்தவர் கிடையாது. வானளந்தான் கூட்டத்தோடு அவளிடம் போனான்.

“ஏய் மரவட்டை! அல்லி ஏரிக்கு வழி தெரியுமா?”

“தெரியுமே! என்னைத் தின்னுறாதே. கசப்பேன்.”

“உன்னைத் தின்ன வரலை. வழியைச் சொல்லு!”

“இதோ இந்தக் கரைக்கல்லு மேலே ஏறி நில்லு. எதிரே ஒத்தைப் பனை தெரியுதா? அதைப் பார்த்து நின்னுக்கோ. வலப்பக்கமா முப்பது திரும்பு. அப்புறம் நூல் பிடிச்ச மாதிரி நேரே நட. காலையில கிளம்பினா உச்சி வெயிலுக்குள்ள ஏரி. முப்பதுன்னா என்னன்னா...”

“தெரியும் தெரியும்!” என்றான் வானளந்தான். “முப்பது எனக்குத் தெரியாதா? நூறு காலை வச்சுக்கிட்டு ஊர்ந்து போற நீயா, ஆகாயத்துல திரும்புற எனக்குக் கணக்குச் சொல்றே?”

வளையம்மா சட்டென்று சுருண்டுவிட்டாள்.

சேற்றழகி மெல்லக் கேட்டாள். “என்னங்க, முப்பது எதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“முப்பதுன்னா முப்பதுதான்!”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்! அதற்குமேல் அவள் என்ன பேச?

மறுநாள் விடியற்காலையில் வானளந்தான் கல்லின்மேல் ஏறினான். பனையைப் பார்த்து நின்றான். ஊரே பார்க்கட்டும் என்று வாலைத் தூக்கி அசைத்தான். ஒன்று! இரண்டு! மூன்று! முப்பது பாகை.

“என் பின்னால வாங்க!”

இருபது சிறகிகளும் ஏழு குஞ்சுகளும் வரிசையாக நடந்தன. பொட்டல் வெளி. மண் சுட்டது. நீந்தப் பிறந்த கால்கள் நடந்து நடந்து கொப்புளித்தன. சூரியன் உச்சிக்கு வந்தது. ஏரியைக் காணோம். வெறும் பாறையும் முள்ளும்தான் எதிரே கிடந்தன.

கடைசிக் குஞ்சு அலகைத் திறந்தபடி கீழே விழுந்தது. எல்லோரும் அதையும் இழுத்துக்கொண்டு ஒரு காரைமுள் புதருக்குள் நுழைந்து நிழலில் ஒண்டினார்கள். குஞ்சு எழுந்திருக்கவில்லை. முள்ளிடுக்கு வழியே விழுந்த வெயில் அதன்மேல் படாதபடி சேற்றழகி மறைத்து நின்றாள். புருஷனை ஒரு சொல்லும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அப்போது வெளியே ஒரு நரி வந்து உட்கார்ந்தது. முள்ளைப் பார்த்தது. உள்ளே இருந்த கொழுத்த வாத்துகளைப் பார்த்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு முகத்தைச் சாதுவாக்கிக்கொண்டது.

“வாங்க வாங்க! இந்த வேகாத வெயில்ல எங்கே பயணம்?”

“அல்லி ஏரிக்கு,” என்றான் வானளந்தான். “பனையிலேருந்து முப்பது திரும்பித்தான் வந்தோம். ஏரியைத்தான் யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க!”

“அட, உங்களை மாதிரி கணக்குப் புலிக்கு இது ஒரு விஷயமா! துளிதான் தப்பியிருக்கு. வெளியே வந்து இன்னும் இருபது திரும்புங்க. அதோ, அந்தப் பாறைக்குப் பின்னாலதான் ஏரி!”

கணக்குப் புலி என்றதும் வானளந்தானின் கழுத்து நிமிர்ந்தது. வால் தானாகவே மேலே எழுந்தது. புதருக்குள்ளேயே ஒருமுறை அசைத்தும்விட்டான்.

அடுத்த அசைப்புக்கு முன்னால் அவன் கண் கடைசிக் குஞ்சின்மேல் விழுந்தது. வால் பாதியில் நின்றது. பிறந்ததிலிருந்து ஒருநாளும் கேட்காத கேள்வியை அவன் கேட்டான்.

“நரியாரே, இருபது எது?”

“எதுன்னா?”

“இருபது பாகையா, இருபது அசைப்பா, வேற ஏதாவதா?”

நரி விழித்தது. “அது... இருபதுன்னா இருபதுதான்!”

வானளந்தான் வாலைத் தாழ்த்தினான். இந்தப் பேச்சை அவன் எங்கேயோ கேட்டிருக்கிறான். எங்கே? முந்தின நாள், அவன் வாயிலிருந்தேதான்! தெரியாதவன் பேசுகிற பேச்சு எப்படி இருக்கும் என்று வெளியிலிருந்து கேட்டபோதுதான் அவனுக்கு விளங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆனால் வெட்கப்பட அது நேரமில்லை. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். இத்தனை காலம் சேர்த்து வைத்த பகட்டையெல்லாம் ஒன்றாகத் திரட்டினான்.

“நல்லது, நரியாரே! உடனே கிளம்புறோம். ஆனா நாங்க பெரிய இடம். யாராவது எதிரே நின்னு வரவேற்காம எந்த ஏரியிலும் கால் வைக்கிறதில்லை. நீங்க முன்னாடி போய்ப் பாறைக்குப் பின்னால நில்லுங்க. நாங்க முறைப்படி வால் அசைச்சு, வரிசையா, உங்க முன்னாலேயே வந்து நிப்போம்!”

“முன்னாலேயே வந்து நிப்பீங்களா!” நரிக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. “இதோ போறேன்! ஒருத்தர் விடாம வந்துருங்க!”

நரி ஓடிப்போய்ப் பாறைக்குப் பின்னால் நின்றுகொண்டது. சிறகிகள் புதரின் மறுபக்கமாக நழுவி, வந்த வழியே திரும்பின. கடைசிக் குஞ்சு வானளந்தான் முதுகில் கிடந்தது. நரி எவ்வளவு நேரம் காத்திருந்ததோ, அதன் கால்களைத்தான் கேட்கவேண்டும்.

பொழுது சாயும் வேளையில் எல்லோரும் கருவேலங்குளம் வந்து சேர்ந்தார்கள். நடுவில் ஒரு கை அகலத்துக்குக் கலங்கல் நீர் மிஞ்சியிருந்தது. குஞ்சுகள் அதை உறிஞ்சின. கடைசிக் குஞ்சு கண் திறந்தது. நாளைக்கு அந்த நீரும் இருக்காது.

வானளந்தான் நேரே வளையம்மாவிடம் போனான். கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தலை தரையைத் தொட்டது.

“வளையம்மா, தப்பு என் பேருலதான். நீங்க சொன்ன முப்பது எதுன்னு சொல்லுங்க. எனக்குத் தெரியாது.”

“அடடே! ஆகாயத்தை அளந்தவருக்குத் தெரியாததும் உண்டா?”

“இன்னிக்கு நடந்துதான் அளந்தேன். நிறைய இருக்கு, தெரியாதது!”

வளையம்மா சிரித்துவிட்டாள். தலையும் வாலும் தொடும்படி வட்டமாகச் சுருண்டாள். “என்னைப் பாருங்க. எனக்கு ஒரு பக்கத்துக்கு நூறு கால். சுருண்டா ஒரு முழுச் சுற்று. தலையிலேருந்து எண்ணிட்டு வந்தா முப்பதாவது கால் எந்தப் பக்கம் நிக்குதோ, அதுதான் முப்பது. நூத்துல முப்பது. உங்க கணக்கு எப்படி?”

“எங்களுக்கு முழுச் சுற்று முந்நூத்தி அறுபது பாகை. அதுல போய் நான் முப்பது மட்டும் திரும்பிட்டேனா!”

“வட்டம் ஒண்ணுதான். நான் நூறாப் பிரிச்சேன், நீங்க முந்நூத்தி அறுபதாப் பிரிச்சீங்க. அவ்வளவுதான் சண்டை!”

வானளந்தான் அலகால் மண்ணில் கோடு கிழித்தான். நூறு காலுக்கு முந்நூற்று அறுபது பாகை. அப்படியானால் பத்துக் காலுக்கு முப்பத்தாறு. அவனுக்கே சந்தேகம். “பாதிச் சுற்றை வச்சுப் பார்க்கறேன். உங்களுக்கு அம்பது கால். அஞ்சு முப்பத்தாறு நூத்தி எண்பது. எங்களுக்கும் பாதிச் சுற்று நூத்தி எண்பதுதான். சரியா வருது!”

“அப்போ முப்பது காலுக்கு?”

“மூணு முப்பத்தாறு... நூத்தெட்டு!”

கூட்டமே வாயைப் பிளந்தது. மூன்று அசைப்பில் முடித்துக்கொண்டது பத்து அசைப்பைத் தாண்டிப் போகவேண்டிய திருப்பம்!

சேற்றழகி மட்டும் கேட்டாள். “நூத்தெட்டு எதுங்க?”

“பாகை! நூத்தெட்டுப் பாகை!” என்றான் வானளந்தான். இந்தமுறை அவனுக்குக் கோபம் வரவில்லை.

மறுநாள் விடிந்தபோது குளம் சேறாகிவிட்டது. வளையம்மாவுக்கும் இனி அங்கே பிழைப்பில்லை. அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு வானளந்தான் கல்லின்மேல் நின்றான். பத்துமுறை வாலை அசைத்தான். நூறு பாகை. பிறகு ஒரு முழு அசைப்புக்குச் சற்றே குறைவாக, எட்டுப் பாகை. நடந்தார்கள்.

நடுவழியில் நான்கு பக்கமும் பொட்டல்தான். மரம் இல்லை, பச்சை இல்லை. கூட்டம் முணுமுணுத்தது. முன்பென்றால் வானளந்தான் அதட்டியிருப்பான்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு,” என்றான். “ஆனா தெரியாததைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், போட்ட கணக்கைச் சரிபார்த்தேன். நடப்போம்!”

தலைவனுக்கும் பயம் என்று கேட்டதும், வேடிக்கையைப் பாருங்கள், மற்றவர்களுக்குப் பயம் குறைந்துவிட்டது. வரிசை கலையாமல் நடந்தார்கள்.

சூரியன் உச்சியைத் தொட இன்னும் கொஞ்சம் இருந்தது. காற்றில் ஈரமண் வாசம் வந்தது. மேட்டில் ஏறினார்கள். கீழே, கண்ணுக்கு எட்டிய மட்டும் அல்லி ஏரி!

குஞ்சுகள் யாருக்காகவும் நிற்கவில்லை. உருண்டு புரண்டு ஓடின. முதலில் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தது யார் தெரியுமா? முந்தின நாள் முள்புதரில் கண்மூடிக் கிடந்த கடைசிக் குஞ்சுதான். மூழ்கி, எழுந்து, தும்மி, மறுபடி மூழ்கியது. அதைப் பார்த்த வானளந்தானுக்குக் கண் நிறைந்துவிட்டது. தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டான். அங்கே யாருக்கும் தெரியாது.

சொன்ன எண்ணை மட்டும் காதில் வாங்கி, அது எதன் எண் என்று கேட்க மறுக்கிறவன் தானும் வழி தவறுவான், தன்னை நம்பி வந்தவர்களையும் தவிக்கவிடுவான்.