முட்டைக் குளத்தளவு நிலம்

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குப் பொழுது போகவில்லை என்றால் ஊருக்கெல்லாம் வேலை வந்துவிடும் நாடு ஒன்று இருந்தது. அந்த ராஜாவுக்கு முட்டை வடிவத்தின்மேல் கொள்ளைப் பிரியம். சாப்பிடும் தட்டு முட்டை வடிவம், படுக்கும் கட்டில் முட்டை வடிவம், அரண்மனை முன்னால் வெட்டிய குளமும் முட்டை வடிவம்.

ஒருநாள் விகடகவி அம்பலக்கூத்தன் சொன்ன வேடிக்கையில் ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. “என் குளத்தின் பரப்பு எவ்வளவோ, அவ்வளவு நிலம் உனக்கு!” என்று சபையிலேயே அறிவித்துவிட்டார்.

கூத்தனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமனார் வீட்டு ஒண்டுக் குடித்தனக்காரன் அவன். சொந்தமாக ஒரு வீடும் ஒரு பசுவும் வேண்டுமென்று மனைவி செண்பகவல்லி கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தாள்.

நிலமளக்கும் அதிகாரி கோதண்டராயருக்கோ வயிறு எரிந்தது. குளத்தைச் சுற்றிக் கயிறு பிடித்தார். அதே கயிறு சுற்றி வரும்படி, இரண்டு வயல்களுக்கு நடுவே ஒரு துண்டை அளந்து முளை அடித்தார். நீளமென்றால் அப்படி ஒரு நீளம். அகலமோ ஓர் ஆள் கையை விரித்தால் முடிந்துபோயிற்று.

செண்பகவல்லி வந்து பார்த்தாள். “ஏங்க, இதுல பசுவைக் கட்டினா தலை நம்ம நிலத்துல, வாலு அடுத்தவன் வயல்லதானே இருக்கும்? சாணிகூட நமக்கில்ல!” சொல்லும்போது சிரித்தாள், கண் மட்டும் கலங்கிவிட்டது. கூத்தனுக்கு மனசு ஆறவில்லை. நேரே தச்சர் வீட்டுக்குப் போனான்.

சில நாள் கழித்து, ராஜா மதியத் தூக்கத்துக்குப் போனபோது அவருடைய கட்டில் இருந்த இடத்தில் நீளமான ஒரு பலகை கால் முளைத்து நின்றது. அகலம் ஒரு முழம்கூடத் தேறாது. தூக்கக் கலக்கத்தில் சாய்ந்தவர் புரண்டார். தொப்பென்று விழுந்தார்.

“கூத்தா! என்ன விளையாட்டு இது?”

“கட்டில்தான், மகாராஜா. பழைய கட்டிலைச் சுற்றிய கயிறேதான் இதையும் சுற்றுகிறது. ராயர் முறைப்படி இரண்டும் ஒரே அளவு. என் நிலத்தையும் இப்படித்தான் அளந்து கொடுத்தார்.”

இடுப்பைத் தடவிக்கொண்டே ராஜா ராயரைக் கூப்பிட்டு அனுப்பினார். ராயர் விடவில்லை. “நீளமும் அகலமும் நேராக இருந்தால் பெருக்கலாம், பிரபு. வளைந்ததை யார் அளப்பது? இந்தக் கூத்தனே அளந்து காட்டட்டும். முடியாவிட்டால் கொடுத்த நிலத்தையும் விட்டுவிடட்டும்!”

“சம்மதம்” என்றான் கூத்தன்.

நல்லவேளை, குளத்தைத் தூர்வார நீரை இறைத்திருந்தார்கள். கூத்தன் ஊரையே அழைத்துக் குளத்துக்குள் தோளோடு தோள் நிற்கவைத்தான். கரை வளைந்த இடத்தில் கூட்டமும் வளைந்து நின்றது. “இதே கூட்டம் இதே நெருக்கத்தில் அரண்மனைத் திடலில் நிற்கட்டும், மகாராஜா. நிற்கும் இடம்தான் குளத்தின் பரப்பு.”

நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று சோதிக்க இறங்கிய ராயர், வழுக்கித் தலைகுப்புற விழுந்தார். எழுந்தபோது ஆள் அடையாளம் தெரியவில்லை. பல வருஷத்துப் பாசியும் மீன் நாற்றமும் அவர்மேல்தான்.

திடலில் கூட்டம் கூடியது. “ஒட்டி நில்லுங்கள்! இன்னும் ஒட்டி!” என்று கத்திக்கொண்டு ராயர் ஓடினார். அவர் போன பக்கமெல்லாம் ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். விலக விலகக் கூட்டம் நின்ற இடமும் அகன்றது.

கூத்தன் பணிவாகக் கைகட்டிச் சொன்னான்: “ராயரே, இந்தப் பக்கமும் ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள்!”

மாடத்திலிருந்து பார்த்த ராஜாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கீழே தெரிந்ததும் ஒரு முட்டைதான், குளத்தைவிடக் கொஞ்சம் பெரிய முட்டை. “நிற்கிற இடத்திலேயே எல்லைக் கல் நடுங்கள்! ஒரு பசுவையும் ஓட்டிக் கொடுங்கள்!” என்றார்.

செண்பகவல்லி அந்தப் பசுவை நிலத்தின் நட்டநடுவில் கட்டினாள். தலையும் வாலும் சாணியும், எல்லாம் அவர்கள் நிலத்திலேயே.