வாசல் நோட்டு

கோயம்புத்தூரில் தண்ணீர் மோட்டாருக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்கிற கம்பெனி ஒன்று. அங்கே மேலாளர் வைகுந்தநாதன் வைத்ததுதான் சட்டம். பழைய இன்டெல் சிப் கணினிகளைத் தூக்கிவிட்டு ஏஆர்எம் சிப் கணினிகளை இறக்கினார். பெட்டிக்குள் இருப்பதும் ஏஆர்எம் சிப்தான்.

அங்கேதான் குழப்பம். வேறு ரகச் சிப்புக்கு நிரல் செய்து தருவது கிராஸ் கம்பைலர். இத்தனை நாள் அதைக் கண்டுபிடித்துச் சொன்ன பில்ட் கருவி என்ற மென்பொருள், இப்போது "கிராஸ் கம்பைலர் இல்லை" என்றது.

ஒப்பந்த ஊழியரான தவமணியைக் கூப்பிட்டார். "சாயங்காலத்துக்குள்ள அந்தக் கருவி 'இருக்கு'ன்னு சொல்லணும். செஞ்ச நிரல் இதே கம்ப்யூட்டர்ல ஓடவும் செய்யணும். இல்லேன்னா நாளைக்கு உன் கார்டுக்குக் கதவு திறக்காது."

தவமணிக்குத் தலை சுற்றியது. கருவி ஒரு குட்டி நிரலைச் செய்து அங்கேயே ஓட்டிப் பார்க்கும். ஓடாவிட்டால்தான் கிராஸ், ஓடிவிட்டால் அதே சிப்புக்கான சொந்தக் கம்பைலர். ரெண்டும் ஒன்றாக எப்படி நடக்கும்? மூன்று டீ குடித்தும் விளங்கவில்லை. நாலாவது டீக்கு வெளியே போனவள், வாசலில் இருந்த நோட்டோடு திரும்பினாள்.

"சார், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

எல்லோர் முன்னாலும் அவருக்குச் சுர்ரென்று ஏறியது. "இது வெளியாளுங்க எழுதுற நோட்டு! என் கார்டைக் காட்டினா கதவு திறக்குது. நான் எதுக்கு வெளியாள்னு எழுதணும்?"

"அதத்தானுங்க சார், அந்தக் கம்ப்யூட்டரும் காலையில இருந்து கேக்குது."

மறுநாள் தவமணியின் கார்டுக்குக் கதவு திறந்தது.